காரைக்கால் நாவில் ஒயின்: சுவைத்தலும் சுவையைச் சொல்லுதலும்

ஒயினைச் சுவைப்பதும், சுவைத்ததைப் பிறர் அறியும்படி எடுத்துச் சொல்வதும் நெருங்கிய உறவுடையவை என்றாலும் தனித்தனியே பழக வேண்டிய இரண்டு திறன்கள். முதலாவது மூக்கையும் நாவையும் சார்ந்தது. இரண்டாவதோ, சொல்பவரும் கேட்பவரும் முன்பே முகர்ந்தும் தின்றும் அறிந்த பொதுவான பொருள்களைச் சார்ந்தது. ஐரோப்பாவில் எழுதப்படும் சுவைக்குறிப்பு ஒன்று, ஒரு சிவப்பு ஒயினில் பிளாக்கரண்ட் பழமும் சிடார் மரமும் மணப்பதாகச் சொன்னால், அங்குள்ள வாசகருக்கு அது வீட்டுத் தோட்டத்து நினைவு. காரைக்காலில் அதே புட்டியைக் கையில் வைத்திருப்பவருக்கு அது வெறும் அச்செழுத்து. இந்த இடைவெளியைக் கண்டு, ஒயினின் நுட்பங்களைப் பகுத்தறியும் பயிற்சி தமிழ் நாவுக்கு இல்லை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பிழையானது. காவிரிக் கடைமடையின் அடுக்களையும் தென்னந்தோப்பும் மீன்சந்தையும் ஒயினில் உள்ள மணப்பொருள்களிலும் அமிலங்களிலும் பலவற்றை அங்குள்ளோருக்கு முன்பே பழக்கப்படுத்தியிருக்கின்றன. அமையாமற்போனது, பலர் கூடி ஒப்பிட்டுப் பார்த்துப் பேசித் தீர்க்கும் வழக்கம் மட்டுமே.

அவ்வழக்கம் அமையாமற்போனதற்கு வரலாற்றில் விடை கிடைக்கிறது. தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739இல், புதுச்சேரியில் துய்மா ஆளுநராக இருந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பினாலும், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்படும் வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தபோது, சுற்றிலும் தஞ்சை மாவட்ட ஊர்கள் சூழ்ந்த இந்தச் சிறு நிலம் அதற்கு வெளியே நின்றது. பிரெஞ்சு ஆட்சி ஒயினைக் கொண்டுவந்தது. ஆனால் அது அதிகாரிகளின் உணவுமேசைக்கும் தேவாலயப் பீடத்துக்கும் உரிய பொருளாகவே வந்தது. கத்தோலிக்கத் திருப்பலிக்கு ஒயின் திராட்சையிலிருந்து மட்டுமே இயற்கையாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வரையறுக்கிறதே தவிர, அதன் சுவையை ஆராயச் சொல்வதில்லை. எல்லைக்கு அப்பால் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், எல்லைக்கு இப்பால் மது எதுவாயினும் அது கிடைக்கிறது என்பதே அதன் முதற்சிறப்பாயிற்று. விலையும் போதையும் அளவுகோலாகிவிட்ட இடத்தில் மணத்தைப் பற்றிய பேச்சு வளர்வது அரிது. இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குத் தனிக் கலால் சட்டம் இருப்பதால், தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்ட கள் காரைக்காலில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. வேறு கடைகளில் நாசிக் ஒயினும் வெளிநாட்டு ஒயினும் பிராந்திப் புட்டிகளுக்கு நடுவே நிற்கின்றன.

ஆயினும் சோழமண்டலக் கடற்கரைக்கு ஒயின் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த புதுமை அன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்விலும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஏற்றிவந்த ஆம்போரா என்னும் இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் சாடி வகையைச் சேர்ந்தவை அவற்றில் மிகுதி என்று கண்டார். கோஸ் ஒயின் கடல்நீர் சேர்த்துச் செய்யப்பட்டது. அதைப் போலச் செய்யும் முறையைக் கேட்டோ என்ற ரோமானியர் தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். எனவே அன்று இக்கரையில் இறங்கிய ஒயினில் ஒரு பகுதியேனும் உவர்ப்பு ஏறியதாகவும், சாடியின் உட்புறம் பூசப்பட்ட பிசினின் வாடை கலந்ததாகவும் இருந்திருக்க வேண்டும். நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடல், யவனர் கொண்டுவந்த தேறலைக் குளிர்ச்சியும் நறுமணமும் உடையதாகக் குறிக்கிறது. குடிப்பவரின் கண்ணோட்டத்தில் இவை மிகச் சரியான இரண்டு குறிப்புகள்: ஒன்று பரிமாறும் வெப்பநிலையையும் மற்றொன்று மணத்தையும் பற்றியது. காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்கும் அப்பால் உள்ள காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், மகளிர் மட்டு என்னும் வகையை நீக்கி மது என்னும் வகையை விரும்பி அருந்துகின்றனர். இரண்டையும் வேறுபடுத்தி ஒன்றைத் தேர்ந்த நாக்கு அந்தத் துறைமுகத்தில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சங்கப் பாடல்கள் மதுவை விவரிக்கும் முறை கவனத்துடன் படிக்கத்தக்கது. திருமுருகாற்றுப்படை, நீண்ட மூங்கிற்குழாயில் முதிரவைத்த தேன்மதுவைச் சொல்லும்போது, மூலப்பொருளையும் கலத்தையும் முதிர்ச்சியையும் ஒருங்கே தருகிறது; இன்றைய ஒயின் புட்டியின் பின்பக்கச் சீட்டு தருவதும் அதே மூன்று செய்திகளைத்தான். ஔவையார் பாடிய புறநானூற்றின் 392ஆம் பாடல் நாள்பட்ட தேறலின் வேகத்தைத் தேள்கடியின் கடுப்புக்கு ஒப்பிடுகிறது. சிறுபாணாற்றுப்படை சீறியெழும் பாம்பின் வெகுளியை நினைவூட்டுகிறது. இவை புலவர் மிகை என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. தேள் கொட்டினால் வலி ஒரு புள்ளியில் தொடங்கி ஏறிப் பரவுகிறது; முதிர்ந்த மதுவின் சாரம் நுனிநாவில் தொடங்கித் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் ஏறுவதும் அவ்வாறே. காலத்தோடு நகரும் ஓர் உணர்வைச் சொல்ல, காலத்தோடு நகரும் மற்றோர் உணர்வையே அப்புலவர்கள் தேர்ந்தனர். இன்றைய சுவைஞர்கள் தொடக்கச் சுவை, இடைச் சுவை, விழுங்கிய பின் நிற்கும் பின்சுவை என்று பகுத்து எழுதுவதை இந்த ஒற்றை உவமை ஒரே மூச்சில் செய்துவிடுகிறது.

சுவைத்தல் நடைபெறும் விதத்தை இங்கே சுருக்கமாக விளக்குவது தேவை. நாவு அறிவது சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே; பழம், பூ, புகை, மசாலா என்று நாம் சுவையாகக் கருதுபவை யாவும் மணங்கள். கிண்ணத்தை முகரும்போது மூக்குத்துளை வழியாகவும், வாயில் ஒயினைச் சுழற்றும்போது தொண்டையின் பின்புறம் மேலேறியும் அவை ஒரே நரம்புப் பரப்பை அடைகின்றன. சளி பிடித்தவருக்குச் சோறு சப்பென்று இருப்பது இரண்டாவது வழி அடைபட்டிருப்பதால்தான். கண்ணும் இதில் தலையிடுகிறது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் மாணவர் 54 பேரிடம், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை விவரித்தனர். மோரோ, புரோஷே, துபூர்தியு ஆகியோர் 2001இல் வெளியிட்ட இவ்வாய்வு, மணத்தைச் சொல்லும் சொற்களை நிறமே பெரிதும் தேர்கிறது என்று காட்டியது. கிண்ணத்தின் உட்சுவரில் வடியும் துளிகளை வைத்துத் தரம் சொல்வதும் பலரிடம் உள்ள வழக்கம்; சாராயமும் நீரும் வேறுவேறு வேகத்தில் ஆவியாவதாலும் அவற்றின் பரப்பு இழுவிசை வேறுபடுவதாலும் உண்டாகும் அத்துளிகள் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

புளிப்பில் தொடங்கினால் காரைக்கால் நாவின் முன்பயிற்சி தெளிவாகத் தெரியும். திராட்சையின் முதன்மை அமிலம் டார்ட்டாரிக் அமிலம். பழங்களில் அது மிகுதியாக இருப்பது அரிது. ஆனால் குழம்புப் புளியின் புளிப்பில் பெரும்பங்கு அதே அமிலம்தான். நாள்தோறும் புளி கரைத்து மீன்குழம்பு வைக்கும் ஒருவர், ஒயினின் முதுகெலும்பான அமிலத்தை அதன் பல செறிவுகளில் வாழ்நாள் முழுவதும் சுவைத்திருக்கிறார். குளிர்ந்த புட்டியின் அடியில் கண்ணாடித் துகள்போல் படியும் படிகங்களும் இவ்வமிலத்தின் உப்பேயன்றிக் கலப்படம் அல்ல. திராட்சையின் இன்னோர் அமிலம் பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். அது பல்லைக் கூசவைக்கும். பல ஒயின்களில் நொதித்தல் முடிந்தபின் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரின் அமிலமாக, மாற்றுகின்றன. அப்போது புளிப்பின் கூர் மழுங்குகிறது, வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்ற பொருளும் தோன்றுகிறது. ஆகவே, ஓர் ஒயினின் புளிப்பு புளிக்கரைசல் பக்கம் நிற்கிறதா, பல் கூசும் காய்ப் பக்கம் நிற்கிறதா, தயிர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கேட்பது உவமைக்கான கேள்வி அன்று. அது வேதியியல்படியும் பொருந்தும் கேள்வி.

தமிழர் சுவைப் பகுப்பின் பெருஞ்செல்வம் துவர்ப்பு. மேற்கத்திய உடலியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்ற நான்கையும், 1908இல் ஜப்பானியர் இகேதா கண்டறிந்த உமாமியையும் சுவைகளாகக் கொண்டு, துவர்ப்பைத் தொடுவுணர்ச்சி என்று வேறாக வைக்கிறது. அறுசுவைக் கணக்கிலோ அது முழு உரிமையுடைய சுவை. உணவிலும் சித்த மருத்துவத்திலும் அதற்குத் தனி இடம் உண்டு. சிவப்பு ஒயினைப் பிற பானங்களிலிருந்து பிரிப்பது இதுவே. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள்கள், உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளவைக்கின்றன. வழுவழுப்பை இழந்த நாவும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உராய்ந்து இறுகுகின்றன. கடுந்தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும், பிரான்சில் மரபாகச் சிவப்பு ஒயினில் முட்டையின் வெண்கருவைக் கலந்து தெளியவைப்பதும் ஒரே விதியின்படி நடப்பவை: டானினுக்கு வேறு புரதம் கிடைத்துவிடுகிறது.

துவர்ப்பின் அளவைவிட அதன் தன்மையைச் சொல்வதே சுவைஞருக்குக் கடினம். தமிழ் வீட்டில் இதற்கான படிநிலைகள் பழக்கத்தில் உள்ளன. வாழைப்பூவின் துவர்ப்பு மெல்லியது, நறுக்கிய கையில் கறை விட்டாலும் வாயில் தங்காது. வாழைக்காயின் தோலருகே உள்ளது மாவுபோல் ஒட்டும். நெல்லிக்காயின் துவர்ப்பு புளிப்போடு வந்து, தண்ணீர் குடித்ததும் இனிப்பாகத் திரும்பும். நாவற்பழத்தினுடையது இனிப்புக்குப் பின்னால் வந்து நாக்கைச் சுருக்கித் தொண்டையை இறுக்கும். கடுக்காயினுடையது வேறெதையும் உணரவிடாமல் வாயை அடைத்துக்கொள்ளும். நாசிக்கில் விளையும் இளம் கேபர்னே சோவினியோன் வகை ஒயினை நாவற்பழத்தின் தொண்டை இறுக்கத்தோடு ஒப்பிட்டால், டானின் உறுதியானது என்ற பொதுச்சொல் தருவதைவிட மிகுதியான செய்தி கேட்பவருக்குக் கிடைக்கும். நிறம், பழத்தின் இனிமை, துவர்ப்பு வரும் நேரம் மூன்றும் அதில் அடங்கும். பச்சைப்பாக்கும் களிப்பாக்கும் இவ்வரிசையில் சிறந்த அளவுகோல்களாக நின்றிருக்கும். ஆனால் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருப்பதால், பயிற்சிக்கு அதைப் பரிந்துரைப்பது முறையன்று. அதே முகமை மதுவையும் அதே வகையில் வைத்திருக்கிறது. தேர்ந்த சுவைஞர்கள் வாயில் சுழற்றிய ஒயினை விழுங்காமல் துப்புவதும், ஒரே அமர்வில் பல ஒயின்களை ஒப்பிடத் தெளிந்த தலை வேண்டும் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை.

மணத்துக்கு வந்தால், ஒரு திராட்சையின் பெயரே சுவைக்குறிப்பாக நிற்கும் சான்று தமிழ்நாட்டில் இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை. மஸ்கட் குடும்பத்தின் மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் ஆகியவற்றில் ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் முதன்மையானவற்றுள் ஒன்று. வேதியியல் ஆய்வுக்கூடம் எதையும் காணாத தோட்டக்காரர்களும் வணிகர்களும் அதை மூக்காலேயே அறிந்து பன்னீர் என்று பெயரிட்டனர். லினலூலோ மல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வகிக்கிறது. மஸ்கட் ஒயினை முகர்ந்து, இடித்த மல்லியும் பன்னீரும் என்று ஒருவர் சொன்னால் அது முற்றிலும் துல்லியமான விவரிப்பு. மிளகும் அவ்வாறே. சிராஸ் வகை ஒயின்களில் தெரியும் மிளகு மணம், மிளகிலேயே உள்ள ரோட்டண்டோன் என்ற பொருளால் உண்டாகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தனர். அவர்களின் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அம்மணம் சிறிதும் தெரியவில்லை. ஒரே கிண்ணத்தை முகர்ந்த இருவரில் ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால் இருவருமே உண்மை பேசுபவர்களாக இருக்கலாம். ஓக் மரப்பீப்பாயில் முதிர்ந்த ஒயினிலோ கிராம்பின் யூஜினாலும் வனிலா மணமும் சேர்கின்றன. அமெரிக்க ஓக்கிலிருந்து இறங்கும் லாக்டோன் என்ற பொருளின் மணம் தேங்காயின் மணம். ஐரோப்பியர் இதை இறக்குமதிச் சரக்கின் நினைவாக எழுதுகின்றனர். தென்னை சூழ்ந்த காரைக்காலில் அதைத் துருவிய தேங்காய் என்றும், காய்ந்த கொப்பரை என்றும், வறுத்த தேங்காய் என்றும் பிரித்தே சொல்ல முடியும்.

மணத்தை அது எழும் பொருளின் பெயரால் அன்றி வேறு வகையில் சொல்ல மனித மொழிக்கு இயலாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மக்கள் நிறங்களைப் பெயரிடும் எளிமையோடு மணங்களையும் பெயரிடுகின்றனர் என்று ஆசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் 2014இல் காட்டியபின் அந்நம்பிக்கை தளர்ந்தது. தமிழிலும் எந்த ஒரு பொருளுக்கும் கட்டுப்படாத வாடைச்சொற்கள் உண்டு: கவிச்சி, முடை, மொச்சை, சிக்கு, ஊசல். இவற்றில் பெரும்பாலானவை எச்சரிக்கைச் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உண்ணலாமா கூடாதா என்று தீர்மானிக்கப் பிறந்தவை. அதனாலேயே ஒயினின் குறைகளைச் சொல்ல அவை மிகப் பொருத்தமானவை. தக்கையில் தோன்றும் ஒரு குளோரின் சேர்மம் ஒயினுக்கு ஈரம்பட்டு மக்கிய சாக்கின் வாடை தருகிறது. பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் மாட்டுக்கொட்டிலின் மொச்சையைத் தருகிறது. காற்றுப்பட்டுக் கெட்டது காடியாகிறது. சிவப்பு ஒயினோடு மீன் உண்டால் வாயில் கவிச்சி எழுவது ஏன் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் விளக்கினர்: ஒயினில் கலந்துள்ள இரும்பு அயனிகள் மீனின் கொழுப்போடு வினைபுரிந்து அவ்வாடையை எழுப்புகின்றன, இரும்பு குறைந்த ஒயினில் அது தோன்றுவதில்லை. மீனை முதன்மை உணவாகக் கொண்ட ஒரு கடற்கரை ஊருக்கு, சிவப்பா வெள்ளையா என்ற நாகரிக விதியைவிட இந்த விளக்கம் பயன் மிக்கது.

நாவு முறையாகப் பயிலும் பள்ளி ஒன்று காரைக்காலில் ஏற்கெனவே இருக்கிறது, அது கள். பாளை சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடியும் நீர் புளிக்காமல் பதநீராகிறது. தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு முன்னின்று, நுரை நாவில் சுறுசுறுக்கும். வெயில் ஏற ஏற இனிப்பு சாராயமாக மாறி லாக்டிக் அமிலத்தின் புளிப்பு மேலெழும். மறுநாளைக்குள் அசிட்டிக் அமிலம் ஏறித் தொண்டையைக் கமறவைக்கும். ஒயினில் மாதங்களும் ஆண்டுகளும் எடுக்கும் மாற்றங்களின் வரிசை இங்கே ஒரே நாளுக்குள் நடந்து முடிகிறது. தென்னங்கள்ளையும் பனங்கள்ளையும் வேறுபடுத்தி, எப்போது இறக்கியது, தண்ணீர் சேர்ந்ததா, பழைய கள் கலந்ததா என்று ஒரு மிடறில் கணிக்கும் குடிகாரர் செய்வது, ஒயின் சுவைஞர் திராட்சை வகையையும் ஆண்டையும் கணிக்கும் அதே பகுப்பாய்வு. அவரது அறிவு எழுத்தில் ஏறாததற்குக் காரணம் அவ்வறிவின் குறை அன்று. அதைக் கேட்டு எழுத யாரும் முன்வராததே. இது உண்மையில் வருந்தத்தக்க இழப்பு.

காரைக்காலின் வெப்பம் தனியே கணக்கில் கொள்ள வேண்டியது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறலாம் என்ற வழிகாட்டல், 16 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்திருக்கும் ஐரோப்பிய அறைகளுக்கு உரியது. கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் ஊரில் அதே வழிகாட்டலைப் பின்பற்றினால் சாராயத்தின் காட்டமே முதலில் மூக்கில் ஏறி, மற்ற மணங்களை மறைத்துவிடும். குளிரூட்டாத கடையலமாரியில் மாதக்கணக்கில் நின்ற புட்டியில் பழமணம் காய்ச்சிய ஜாமின் மணமாக மாறுகிறது, தக்கை சற்றே மேலே தள்ளப்பட்டிருக்கும், ஒயின் கசிந்த கோடும் தெரியும். அத்தகைய புட்டியைச் சுவைத்து ஒயின் என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டியவர்கள் ஒயினை அல்ல, அதன் சேமிப்பையே சுவைத்திருக்கிறார்கள்.

சொற்களை நிலைப்படுத்தும் வழியைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் 1984இல் வெளியிட்ட மணச்சக்கரம் காட்டுகிறது. பழம், பூ, மசாலா, மண் போன்ற பெரும்பிரிவுகளை நடுவிலும் தனிமணங்களை விளிம்பிலும் வைத்த அச்சக்கரத்தின் வலிமை அதன் வரைபடத்தில் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மணமற்ற எளிய ஒயினில் உரிய பொருளை ஊறவைத்த மாதிரிக் கிண்ணம் ஒன்றைச் செய்யும் முறையை அது கூடவே தந்ததில்தான் இருக்கிறது. ஒரே மாதிரியை முகர்ந்த பலர் ஒரே சொல்லுக்கு உடன்பட்டபின்தான் அச்சொல் அளவுகோலாகிறது. காரைக்கால் சந்தையிலிருந்து இத்தகைய வரிசை ஒன்றை ஒரே காலையில் சேர்த்துவிடலாம்: இடித்த மல்லி, தட்டிய மிளகு, வறுத்த தேங்காய்த் துருவல், நன்னாரி வேர், நசுக்கிய நாவற்பழத்தோல், பன்னீர் ரோஜா இதழ், கிராம்பு, நனைந்த சாக்குத் துண்டு. ஒவ்வொன்றையும் வெள்ளை ஒயின் சிறிதளவில் மூடிவைத்து, ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டி, பெயர் தெரியாதபடி எண்ணிட்டு முகர வேண்டும். ரோஜாவும் நாவல்தோலும் இவ்வூர் வெப்பத்தில் நண்பகலுக்குள் மணம் மாறிவிடும் என்பதால் அவற்றை முதலிலும், மல்லி, மிளகு, கிராம்பு போன்ற உலர்சரக்குகளைப் பின்னரும், சாக்கு வாடையைக் கடைசியிலும் வைப்பது நல்லது. அந்த வாடை ஏறிய மூக்கு சிறிது நேரத்துக்கு மற்ற மணங்களையும் மங்கலாகவே உணரும்.